தூக்கத்துக்கு முறை வைத்தவர்கள்

ஆவரங்கண்மாய் இடைவீட்டுக் காலனியில் யாரைப் பார்த்தும் "நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

சந்தியாகு அங்கே பொறுப்பேற்ற முதல் வாரமே இதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாம் வீட்டுக் காத்தமுத்து வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, "காலங்காத்தால ஏன் சார் எங்க குடியக் கெடுக்குற மாதிரிப் பேசுறீக?" என்றான். வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி பூமயில், "அவுக வேலையே அதானே, விடுங்க" என்று சமாதானம் சொன்னாள். சமாதானம்தான் அதிகமாக வலித்தது.

இடைவீட்டு வாரியத்தில் சந்தியாகுவின் பதவிக்குப் பெயர் 'குடியமர்வுத் துணைவர்'. ஊர்க்காரர்கள் அதைத் தூக்க ஆபீசர் என்று சுருக்கிவிட்டார்கள். வயது ஐம்பதைத் தாண்டியவருக்கு அதற்குமேல் பொருத்தமான பட்டம் கிடைக்காது என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

துயில்மானி வருவதற்கு முன்னால் கிராமத்தில் வீடில்லாதவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நகரத்தில் அவர் பிளாட்பாரத்தில் படுத்திருப்பார், எண்ணிவிடலாம். கிராமத்தில் அப்படியில்லை. மோட்டார் கொட்டகையில் படுப்பார், மச்சினன் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் படுப்பார், ரேஷன் கடை வாசலில் படுப்பார். விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் "வீடு இருக்கா?" என்று கேட்டால், "இருக்குங்க, ஏன் இல்லாம" என்பார். மனிதருக்கு வெட்கம் உண்டு. கருவிக்கு இல்லை.

துயில்மானி செய்தது சின்ன வேலைதான். மனித மூளைக்கு இரண்டு பாதி. புது இடத்தில் படுத்தால் ஒரு பாதி உறங்கும், மறு பாதி காவல் இருக்கும். லாட்ஜில் முதல் ராத்திரி குழாய் சொட்டினால்கூட விழிப்பு வருகிறதே, அதற்கு இந்தக் காவல்பாதிதான் காரணம். இரண்டு மூன்று ராத்திரிகளில் 'இது நம்ம இடம்தான்' என்று அதுவும் படுத்துவிடும். வீடில்லாதவரின் காவல்பாதி படுப்பதே இல்லை; வருஷக்கணக்காகக் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தலைமாட்டில் ஒரு கருவியைப் பொருத்தினால் இதை அப்படியே அளந்து சொல்லிவிடலாம் என்று ஆயிற்று. உடனே சட்டம் வந்தது: ஒருவருடைய மூளையின் இரு பாதியும் உறங்கும் இடமே அவருடைய வீடு, அப்படி ஓர் இடம் இல்லாதவரே வீடற்றவர். சட்டமன்றத்தில் எல்லாரும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். தட்டிய சத்தத்தில் இரண்டொரு உறுப்பினர்கள் திடுக்கிட்டு விழித்தார்கள். அப்படியானால் அவர்களுக்கு வீடு எது என்று யாரும் கேட்கவில்லை.

வீடற்றவருக்கு வாரியம் இடைவீடு கொடுத்தது. பலகைகளை மடித்து லாரியில் கொண்டுவந்து ஒரே பகலில் நிறுத்திவிடுகிற வீடு. ஓர் அறை, ஒரு கூடம், அடுப்படி. சாவி கிடையாது, கதவு விரலைத் தெரிந்துகொண்டு திறக்கும். உள்ளே ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு துயில்மானி. குடும்பத்தின் பெரியவர்கள் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் முழுத்துயில் கொண்டுவிட்டால், அவர்கள் 'தேறியவர்கள்'. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் விட்டதும் கட்டிலைக் காலி செய்யச் சொல்வதில்லையா, அதுபோல. கதவு அவர்கள் விரலை மறந்துவிடும். வரிசையில் நிற்கும் அடுத்தவர் உள்ளே வருவார்.

தூங்கியவருக்குத் தெம்பு வரும், தெம்பு வந்தவர் வேலை தேடுவார், வேலை கிடைத்தவர் வீடு பார்ப்பார் என்பது வாரியத்தின் கணக்கு. ஆவரங்கண்மாயில் அந்தக் கணக்கு முதல் படியிலேயே தடுக்கி விழுந்தது. கண்மாய்க் கரையில் இருந்த குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று எடுத்துவிட்டார்கள். கண்மாய்க்குக் கீழே இருந்த வயல் முழுவதும் சூரியத் தகடு பரப்பிவிட்டார்கள். தகட்டுக்கு நாற்று நடவும் வேண்டாம், களை எடுக்கவும் வேண்டாம். வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றால் அந்தச் சுற்றுவட்டத்தில் வாடகை வீடு என்று போர்டு தொங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் கிடையாது.

ஆக, அந்தக் காலனியின் ஆறு குடும்பங்களுக்கும் ஒரே வழிதான் இருந்தது. தேறக் கூடாது.

பூமயிலுக்கு அது ஏழாம் மாசம். தலைப்பிரசவம். அவள் அம்மா வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்ததும் அதே கண்மாய்க் கரையில் இடித்துப்போட்ட குடிசைகளில் ஒன்றுதான். ஒருநாள் சந்தியாகுவிடம், "பிள்ளயத் தூக்கிட்டு வர்ற வரைக்கும் இந்தக் கதவு எங்களை மறக்காம இருந்தாப் போதும் சார். அதுக்கப்புறம் எங்கிட்டாவது போயிர்றோம்" என்றாள்.

"இன்னும் மூணு மாசம்தானே. நீங்க சும்மா இருந்தாலே போதும். கர்ப்பிணிக்கு எங்க முழுத்தூக்கம் வரப்போகுது?" என்றார் சந்தியாகு.

"எனக்கே வர ஆரம்பிச்சிருச்சு சார். இவுகளக் கேக்கவே வேணாம்! படுத்தா மரக்கட்டை."

காத்தமுத்து குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்கு அடுத்த வாரங்களில்தான் சந்தியாகு அந்த மண்வெட்டியைக் கவனித்தார். காலனி முழுக்க சிமெண்டுத் தரை. கைப்பிடி மண்கூடக் கிடையாது. அங்கே தேய்ந்த மண்வெட்டி ஒன்று, ஒருநாள் முதல் வீட்டு வாசலில் கிடந்தது. மறுநாள் இரண்டாம் வீட்டு வாசலில். அதற்கு மறுநாள் காத்தமுத்து வீட்டில். மண்வெட்டி தானாக நடக்கிற சாமான் இல்லை. மண்வெட்டி கிடந்த வீட்டுக்காரரின் கண்கள் மட்டும் அன்று மிளகாய்ப் பழம்போல் இருந்தன.

சந்தியாகு துப்பறிகிற ஆள் இல்லை. வேலாங்குடி கிளை அலுவலகத்தில் தொலைந்துபோன தன் சொந்த மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆகவே நேராகப் போய் மாயழகுவைக் கேட்டார்.

மாயழகு ஆறாம் வீட்டுக்காரர், காத்தமுத்துவுக்குச் சித்தப்பா முறை. கண்மாயில் தண்ணீர் இருந்த காலத்தில் அவர்தான் ஊருக்கு நீர்பாய்ச்சி. யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று முறை வைத்து, அகால நேரமானாலும் அவரவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிவிடுவது வேலை. எழுப்பியவர்களிடம் வாங்கிய வசவில் அவர் உடம்பு தடித்துப்போயிருந்தது. ஊரையே அதிகாரம் செய்த ஆள் வேலையில்லாமல் உட்கார்ந்ததில், பார்க்கிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்.

"மண்வெட்டியா? அது முறை மண்வெட்டி" என்றார் மூக்குப்பொடியை உறிஞ்சியபடி. "அது யாரு வாசல்ல கிடக்கோ அன்னிக்கு அவன் முறை."

"என்ன முறை? இங்க தண்ணி குழாயில வருது."

"தண்ணி முறை இல்ல ஆபீசரே, தூக்க முறை. முறைக்காரன் ராப்பூரா முழிச்சிருக்கணும். சுத்திச் சுத்தி வந்து ஆறு வீட்டுக் கதவையும் தட்டணும். உள்ள இருந்து செருமல் சத்தம் கேக்குற வரைக்கும் தட்டணும். ஒரு பய முழுசாத் தூங்கிறக் கூடாதுல்ல?" என்று சொல்லிவிட்டு, சந்தியாகுவை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதப் போறீகளா? எழுதுங்க. மாயழகுன்னு பேரப் போட்டே எழுதுங்க. ரொம்ப நாளாச்சு என் பேரு சர்க்கார்ல அடிபட்டு."

எழுத வேண்டியதுதான் முறை. துயில்மானியை ஏமாற்றுவது குற்றம் என்று சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. வீடு போய்விடுமோ என்ற பயத்தில் தூங்காமல் இருக்கிறவனைத்தானே கருவி வீடற்றவன் என்கிறது? இவர்கள் வீடு போய்விடுமோ என்ற பயத்தில்தானே தூங்காமல் இருக்கிறார்கள்? கருவி சொல்வது சத்தியமான உண்மை. இதில் எழுத என்ன இருக்கிறது? இப்படி யோசித்து முடித்தபோது அவருக்கு மிகுந்த திருப்தி உண்டாயிற்று. வேலை செய்யாமலிருக்க ஒரு காரணம் கிடைக்கும்போது உண்டாகிற அதே திருப்திதான். இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டார்.

அவர் அவசரமாக இறங்கிப் போக வேண்டிய இடமும் இல்லை. அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த அறையில், ஓடாத ஜெராக்ஸ் மெஷினும் அவரும் குடியிருந்தார்கள். இதற்கு முன்னால் இருந்த எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலத்தைச் சேர்ந்தாற்போல் அவர் பார்த்ததில்லை. அதற்குள் மாற்றல் வந்துவிடும். மனைவி எமிலி திருச்சியில் டீச்சர். மகளும் அங்கேயே படித்தாள். மாசத்துக்கு ஒருமுறை சந்தியாகு அங்கே போவார். அன்பாகத்தான் இருப்பார்கள். ஆனால் விருந்தாளிக்கு எடுக்கும் தட்டில் சோறு போடுவார்கள். குளிக்கப் போனால் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

தூக்க முறை தொடங்கி இரண்டு மாசம் ஆகவில்லை. வாரியத்தின் இணை இயக்குநர் ஹேமாவதியிடமிருந்து போன் வந்தது.

"கங்கிராட்ஸ் சந்தியாகு! என்ன மாயம் பண்ணீங்க? உங்க காலனில ஆறு வீடும் தேறிடுச்சு. ஆறும்! மாநிலத்துலயே இதுதான் முதல் தடவை."

சந்தியாகு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம், கருவில ஏதும் கோளாறு..."

"மூணு தடவை செக் பண்ணியாச்சு. அட்சர சுத்தம். ஆளுக்கு ஆறு நாள்ல ஒரு ராத்திரி படுக்கை காலியா இருக்கு. இரவு வேலைக்குப் போறாங்கன்னு அர்த்தம். மத்த அஞ்சு ராத்திரியும் குழந்தை மாதிரித் தூங்குறாங்க. முன்மாதிரிக் காலனின்னு விருதுக்கு அனுப்பியாச்சு. வெள்ளிக்கிழமை கதவு மறந்துடும். சொல்லிடுங்க."

சந்தியாகு காலனிக்கு ஓடினார். அவருக்கு ஓடத் தெரியாது. வேகமாக மூச்சு வாங்கத்தான் தெரியும். "என்ன பண்ணீங்க? கதவைத் தட்டுனீங்களா இல்லையா?" என்றார் காத்தமுத்துவிடம்.

"தட்டுனோம் சார். நேத்துக்கூட நான்தான் முறை. ஒரு வீடு விடாமத் தட்டினேன்."

"செருமல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. நானும் மத்த நாள்ல உள்ள இருந்து செருமத்தான் செய்றேன்." காத்தமுத்து பின்மண்டையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு சார். செருமுறதுக்குத் தூக்கம் கலையணும்னு இல்ல. பழகிருச்சு. அது பாட்டுக்குச் செருமிக்கிருது."

மாயழகு எழுந்து நின்றார். "அடக் கிறுக்குப் பயலே!"

"என்னைய ஏன் சித்தப்பு வையிறீக? மோட்டார் கொட்டகையில படுத்துக்கெடந்தப்ப பாம்பு வருமோ, மொதலாளி வருவாரோன்னு கெதக்கு கெதக்குனு இருக்கும். இங்க வந்த புதுசுலயும் அப்படித்தான். இப்ப என்னன்னா, டொக்கு டொக்குனு சத்தம் கேக்குது. சரி, நம்மாளு ஒருத்தன் வெளிய முழிச்சுக்கிட்டு இருக்கான்னு நெனப்பு வருது. அம்புட்டுத்தான், செத்தவன் மாதிரித் தூக்கம். நீங்க தண்ணி முறை வைக்கிறப்ப ஊரே நிம்மதியாத் தூங்குச்சுல்ல? அதே மாதிரி."

மாயழகு மறுபடி உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கத் தான் எழுப்பிக்கொண்டிருந்ததாக நினைத்த ஊர், இவர் விழித்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் தூங்கியது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அப்ப நான் தாலாட்டா பாடிட்டுத் திரிஞ்சேன்?" என்றார் கோபமாக.

வியாழக்கிழமை பூமயிலுக்கு வலி வந்து வேலாங்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை கதவு மறந்தது. பெண் குழந்தை. காத்தமுத்து குழந்தையைப் பார்த்துவிட்டு, சாமான் எடுக்கத் திரும்பி வந்தான். கதவில் விரலை வைத்தான். மறுபடி வைத்தான். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தான். பிறகு, அந்நியர் வீட்டு வாசலில் நிற்பதுபோல் இரண்டு அடி பின்னால் போய் நின்றான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சந்தியாகுவுக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

இரண்டு குடும்பங்கள் திருப்பூர்ப் பக்கம் கிளம்பிவிட்டன. மற்ற நான்கும் பழைய ரோட்டிலிருந்த பஸ் நிறுத்தத்து நிழற்குடைக்கு வந்து சேர்ந்தன. அந்த வழியாக ஓடிய பஸ் புது ரோட்டுக்கு மாறிப்போய் வெகுகாலம் ஆகியிருந்ததால், காத்திருக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. சந்தியாகு ஆஸ்பத்திரிக்குப் போய், இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கெஞ்சினார். "கட்டிலுக்கு ரெண்டு பேர் படுத்திருக்காங்க சார். சுகப்பிரசவத்த எப்படி வச்சிருக்கிறது?" என்றார் நர்ஸ். அங்கேயும் தேறியவர்களுக்கு இடமில்லை.

பூமயில் பச்சைப்பிள்ளையோடு நிழற்குடைக்கே வந்தாள். தகரத்தின் ஓட்டைக்கு நேர் கீழே இல்லாத இடமாகப் பார்த்துப் புடவையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். மேற்கே மழை இருட்டுவதும் கலைவதுமாக இருந்தது.

"இப்ப நாங்க வீடில்லாதவுகதான சார்? மறுபடி எழுதிக்கங்க" என்றாள். குரலில் சண்டை இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

எழுதிக்கொள்ள வழி இருந்தது. வெளியில் படுப்பவர்களை அளக்க வாரியம் 'காதோரப் பொட்டு' என்று ஒன்று வைத்திருந்தது. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டியது. அதை முதலில் தொட்டு ஒட்டும் விரல் யாருடையதோ, அவர் பெயரில் மூன்று ராத்திரித் தூக்கத்தை அளந்து தானாகவே வாரியத்துக்கு அனுப்பிவிடும். காவல்பாதி விழித்திருந்தால் தானாகவே வீடு ஒதுக்கீடு ஆகும். மனிதர் கை எதிலும் படாது; பட்டால் சிபாரிசு நுழைந்துவிடும்.

காத்தமுத்து பொட்டைச் சந்தேகமாகப் பார்த்தான். "ஷாக் அடிக்குமா சார்?"

"அடிக்காது."

"மொதல்ல நீங்க ஒட்டிக் காட்டுங்க. ஊருக்கெல்லாம் ஒட்டுறீக, என்னைக்காவது ஒங்க காதுல ஒட்டிருக்கீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தான் என்று பட்டது. சந்தியாகு ஒன்றை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். "மாப்பிள்ளைக் களை வந்துருச்சு" என்றார் மாயழகு. மற்றவர்களும் ஒட்டிக்கொண்டார்கள். சந்தியாகு தன் பொட்டை மறந்தே போனார். மறதி அவரோடு கூடப் பிறந்தது.

நான்காம் நாள் காலை முடிவு போனில் வந்தது. சந்தியாகு அதை நிழற்குடையில் நின்றுகொண்டே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார், வந்துருச்சா?" என்றாள் பூமயில்.

"பூமயிலு, இங்கயும் முறை வச்சீங்களா?"

"வைக்காம? ரோட்டோரம், பச்சைப்பிள்ள இருக்கு, நாய் சுத்துது. மாமாதான் மண்வெட்டியக் கொண்டாந்துட்டாகளே. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முழிச்சிருந்தோம்."

"மத்தவங்க?"

"தூங்குனோம்." சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒருத்தர் பாக்கியில்லாமல் முழுத்துயில். ஓட்டைத் தகரத்தின் கீழே, சாலையோரத்தில், காவல்பாதி காலை நீட்டிப் படுத்துவிட்டது. சட்டப்படி அந்த நிழற்குடை அவர்களுடைய வீடு. வீடுள்ளவர்களுக்கு இடைவீடு கிடையாது.

"பிரிஞ்சு இருங்க" என்றார் சந்தியாகு மெதுவாக. சொல்லும்போதே தன் மேல் அவருக்கு வெறுப்பாக இருந்தது. "ஒரு மாசம். ஆளுக்கு ஒரு பக்கம். தனித்தனியாப் படுத்தாத் தூக்கம் வராது. அப்ப மிஷின் ஒத்துக்கும். தனித்தனி ஊர்ல வீடு குடுப்பாங்க."

"பிள்ளயோட நான் எந்தப் பக்கம் சார் தனியாப் போறது?"

மழையின் முதல் துளி தகரத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் இன்னொரு தரம் சிணுங்கியது.

அன்புள்ள சந்தியாகு அவர்களுக்கு, என்று தொடங்கியது செய்தி. மூன்று இரவுகளும் உங்கள் காவல்பாதி விழித்திருந்தது. நீங்கள் வீடற்றவர். மனம் தளர வேண்டாம், வாரியம் உங்களோடு இருக்கிறது. ஆவரங்கண்மாய்க் காலனியில் மூன்றாம் வீடு உங்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

அவர் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். பொட்டு பத்திரமாக இருந்தது.

காத்தமுத்து எட்டிப் படித்துவிட்டு, "சார்! ஒங்களுக்கும் இல்லையா?" என்றான். கேலியாகத்தான் தொடங்கினான். பாதியில் குரல் இறங்கிவிட்டது. மாயழகு நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். இத்தனை நாள் பழக்கத்தில் சந்தியாகுவுக்கு யாரும் அப்படி இடம் விட்டதில்லை.

சந்தியாகு ஹேமாவதிக்குப் போன் போட்டார். வந்த செய்தியைப் படித்துக் காட்டினார்.

"உங்களுக்குத் திருச்சியில வீடு இருக்கே சந்தியாகு?"

"இருக்கு மேடம். போனா இதே மாதிரிதான். ஒரு பாதி தூங்கும். இன்னொரு பாதி, பெட்டி எங்க வச்சோம்னு பாத்துக்கிட்டு இருக்கும்."

"இது அசிங்கம். ரத்து பண்ணிடறேன். கருவி தப்பா அளந்துடுச்சுன்னு ஒரு வரி..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கருவி சந்தியாகு விஷயத்தில் தப்பு என்றால் ஆறு வீடு தேறியதும் தப்பாகலாம். அடுத்த வாரம் விருது. அதற்குப் புடவைகூட எடுத்தாகிவிட்டது. "கருவி தப்பா அளக்காது" என்றார் கடைசியில், தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல.

"அப்ப வீடு எனக்குத்தான் மேடம்?"

"விதியில ஊழியர் கூடாதுன்னு இல்ல. நாங்க அப்படி ஒரு நிலைமையை யோசிக்கலை."

"கூட ஆட்கள் இருக்கலாமா?"

"ஒதுக்கீடு வாங்கினவர் யாரையும் கூட வச்சுக்கலாம். எண்ணிக்கை போடலை. அவங்க தூக்கத்தையும் கணக்குல எடுக்கிறதில்லை." ஹேமாவதி பெருமூச்சு விட்டார். "வீடில்லாதவங்களுக்கு அவ்வளவு பேர் ஏது இருக்கப்போறாங்கன்னு விட்டுட்டோம்."

மழை வலுப்பதற்குள் நடந்துவிட்டார்கள். மற்ற ஐந்து வீடுகளில் வெளியூர் ஆட்கள் குடி வந்திருந்தார்கள். தரைப்பலகை ஒன்று பெயர்ந்ததால் மூன்றாம் வீடு மட்டும் காலியாகக் கிடந்தது. சந்தியாகு விரலை வைத்தார். 'வருக' என்றது கதவு. எந்த ஊரிலும் எந்தக் கதவும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. குழந்தையோடு பூமயில் முதலில் உள்ளே போனாள். அவள் பின்னால் காத்தமுத்து, மாயழகு, நான்கு குடும்பத்துப் பாய், பானை, சுருட்டிய கோரைப்பாய்க்குள் ஒளிந்திருந்த ஒரு கோழி. கடைசியாக மண்வெட்டி.

அறை பூமயிலுக்கும் பிள்ளைக்கும். கூடம் மற்றவர்களுக்கு. ஒதுக்கீட்டுக்காரர் என்ற மரியாதையில் சந்தியாகுவுக்குக் கதவோரக் கட்டில். அவருடைய தலைமாட்டில் இருந்த துயில்மானி மட்டும்தான் இப்போது செல்லும். அவர் அரைத்துயிலிலேயே இருக்கும்வரை எல்லாருக்கும் கூரை உண்டு. அவர் நன்றாகத் தூங்கிவிட்டால் கதவு மறந்துவிடும். முறை மண்வெட்டியை அவர் கட்டிலுக்கு அடியில் போட்டார்கள். அது அப்புறம் வேறு வாசலுக்குப் போகவே இல்லை.

முதலில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மாயழகுவின் குறட்டை ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம், புரண்டால் யாருடைய காலோ முகத்தில். ஆயுசுக்கும் தேறமாட்டோம் என்று சந்தியாகு தைரியமாக இருந்தார். தூங்கத் தெரியாத தன் வியாதி இப்படி ஒரு குடித்தனத்துக்கே கூரையாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை தூங்காமலிருந்ததுதான் என்று எமிலிக்குப் போனில் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, "நான் ஒரு நடை வந்து பாக்கவா?" என்றாள். முன்பு எந்த ஊருக்கும் அவள் அப்படிக் கேட்டதில்லை. அவளும் வந்தால் இது வீடாகிவிடும்; வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்றாம் வாரத்தில் துயில்மானியில் அவருடைய துயிலின் அளவு லேசாக ஏறியிருந்தது. காவல்பாதி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறது. நான்காம் வாரம் இன்னும் கொஞ்சம். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தால் கருப்பட்டிக் காப்பி தயாராக இருந்தது. அவருடைய துண்டு எங்கே தொங்குகிறது என்று கேட்காமலே கை போயிற்று. சோறு போடும் தட்டில் ஓரம் நசுங்கியிருந்தது. எல்லாருடைய தட்டைப் போலவும்.

ஒருநாள் சாப்பிடும்போது சந்தியாகு சபையைக் கூட்டினார். "ஒரு விஷயம். நீங்க எங்கிட்ட இப்படிப் பிரியமா இருந்தா எல்லாருமே தெருவுக்குப் போயிருவோம். நாளையிலேருந்து என்னைத் திட்டணும்."

"இது எனக்கு முந்தியே தோணுச்சு" என்றார் மாயழகு உற்சாகமாக. "அதுக்கும் ஒரு முறை வச்சிருவோம். இன்னிக்கு யாரு? பூமயிலு, நீ திட்டு ஆத்தா."

பூமயில் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "என்ன மனுசன் நீங்க? ஒழுங்காத் தூங்கக்கூடத் துப்பில்லாம, எங்க கூடக் கெடந்து... கருவாடு ஒரு துண்டு போடவா? ஒண்ணுமே திங்காம எந்திரிக்கிறீக." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காத்தமுத்து முயன்று பார்த்தான். "ஏய் ஆபீசரு!" என்றான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை, சிரித்துவிட்டான். மாயழகு மட்டும் நல்ல நாட்டு வசவாக நாலைந்து எடுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் வாங்கிச் சேர்த்ததிலிருந்து பொறுக்கியெடுத்தவை. சந்தியாகுவுக்கு அவை காதில் எண்ணெய் விட்டதுபோல இதமாக இருந்தன. சொந்த மனுஷனைத்தான் அப்படி வைவார்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை பால் குடிக்கும் சத்தம் சீராகக் கேட்டது. கோழி இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டது. சந்தியாகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டினார்.

அவருக்கு ஒரு கொட்டாவி வந்தது.

வீட்டிலிருந்த அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டு, பயத்தோடு அவரைப் பார்த்தார்கள்.